செருப்பு இருக்கும் திசை

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் பென்ரோஸ் பகுதியில் டைல்ஸ் கிடங்காக இருந்த கட்டடத்தைத் தமிழர்கள் சேர்ந்து வாங்கிக் கோயிலும் மண்டபமுமாக மாற்றியபோது, தீப்பாதுகாப்பு அறிக்கை எழுதும் வேலை ரஷ்மியின் தலையில் விழுந்தது. அவள் தீப்பாதுகாப்புப் பொறியாளர். கோயில் குழுத் தலைவர் நல்லசாமிக்கு ஆக்லாந்தில் தமிழ் பேசும் பொறியாளர் ஒருத்தி இந்தத் துறையில் இருக்கிறாள் என்று தெரிந்ததுதான் தாமதம். அவள் சம்மதத்தையெல்லாம் அவர் கேட்கவில்லை. "நம்ம கோயில் அம்மணி" என்றார், அதோடு முடிந்தது.

ரஷ்மிக்கும் அது பெரிய சிரமமாகத் தோன்றவில்லை. மண்டபத்துக்கு மூன்று வாசல்கள். கிழக்கே கண்ணாடிக் கதவு போட்ட முன்வாசல், வடக்கே ஒன்று, தெற்கே சமையலறையை ஒட்டி ஒன்று. கதவின் அகலம், நடக்க வேண்டிய தூரம் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால் நானூறு பேர் தாராளமாக வெளியேறலாம். கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. அந்த நானூறை நம்பித்தான் நல்லசாமி ஆவணியில் மகள் லக்ஷ்மிப்ரியாவின் கல்யாணத்தை அங்கேயே வைத்திருந்தார். பத்திரிகை அடித்தாகிவிட்டது. ஈரோட்டிலிருந்து பெரியப்பாக்கள் டிக்கெட்டும் போட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை பஜனையில், சமையலறையில் யாரோ புளியோதரைக்கு மிளகாய் தாளிக்க, அபாயமணி ஊளையிட ஆரம்பித்தது. சின்னக் கூட்டம்தான். எல்லாரும் எழுந்தார்கள். ரஷ்மியும் எழுந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அவள் முன்வாசல் நெரிசலில் ஒரு காலில் செருப்போடும் மறுகாலில் செருப்பில்லாமலும் நின்று குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். வாரில் ஊக்குக் குத்திய பழுப்புச் செருப்பு. அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வடக்கு வாசல் அகலத் திறந்து கிடந்தது. அதன் தலைக்கு மேல் வெளியேறும் வழியைக் காட்டும் பச்சைப் பலகை எரிந்தது. அந்தப் பலகையை எங்கே மாட்ட வேண்டும் என்று குறித்துக் கொடுத்தவளே அவள்தான்.

வடக்கு வாசல் வழியாகக் குளிர்காற்று உள்ளே வந்தது, ஆள் ஒருவரும் வெளியே போகவில்லை. தெற்கிலும் அப்படியே. மொத்தக் கூட்டமும் முன்வாசலில் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டிருந்தது. தீ ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் எல்லாரும் சிரித்துவிட்டுப் போய்ப் புளியோதரை சாப்பிட்டார்கள். ரஷ்மி மட்டும் முன்வாசலிலேயே நின்றாள். நானூறு பேரை அந்த வாசலில் மனதுக்குள் நிறுத்திப் பார்த்தாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் மேலாளரிடம் சொன்னாள். அவர் அந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரிக்காரர், அதிகம் பேசமாட்டார். "விதிகளில் செருப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லையே" என்றார் முதலில். விதிகளைப் பொறுத்தவரை ஆட்கள் பக்கத்து வாசலைப் பார்த்துப் பிரிந்து போவார்கள். காலில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பிறகு அவரே நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எங்கள் மராயிலும், அதாவது எங்கள் ஜனங்கள் கூடும் இல்லத்திலும், செருப்பு வாசலில்தான் கிடக்கும் என்று மெதுவாகச் சொன்னார். "நீ பார்த்ததை எழுது. கையெழுத்து உன்னுடையது."

பார்த்ததை எழுதினால் முன்வாசல் ஒன்றுதான் கணக்கில் வரும், நானூறு இருநூறாகிவிடும். நல்லசாமியிடம் அதைச் சொன்னபோது மனிதர் கொதித்துப்போனார்.

"ஏனுங்க அம்மணி, செருப்புக்காக என்ற மக கல்யாணத்தை நிறுத்தச் சொல்றீங்களா? நெருப்புப் புடிச்சா எவனாவது செருப்பைத் தேடுவானா?"

"நானே தேடினேன் சார்" என்றாள் ரஷ்மி. "எல்லாம் தெரிஞ்ச நானே, பக்கத்துல இருந்த கதவை விட்டுட்டு இந்த ஊக்குக் குத்தின செருப்புக்கு ஓடினேன். வெக்கமா இருக்கு, ஆனா அதுதான் நெசம்."

செயலாளர் கதிர்காமநாதன் தொண்டையைச் செருமினார். யாழ்ப்பாணத்துக்காரர். "ஓம் நல்லசாமி, பிள்ளை சொல்லுறது சரி. நானும் சப்பாத்தைத் தேடிக்கொண்டுதான் நிண்டனான். நீங்கள் ரெண்டு சோடியைக் கையில தூக்கிக்கொண்டு வந்ததையும் கண்டனான்."

"ஒண்ணு ஊட்டுக்காரம்மாவோடதுங்க" என்றார் நல்லசாமி. கோபம் பாதி இறங்கிவிட்டது.

செருப்பைப் பிரித்து மூன்று வாசலிலும் வைக்கலாமே என்று கதிர்காமநாதன் யோசனை சொன்னார். கல்யாணத்துக்கு வருகிறவர்களைத் தெற்கு வாசலில் நுழைய விடுவதா என்று நல்லசாமி காதைப் பொத்திக்கொண்டார். எமதர்மன் திசையாம். இன்னொருவர், செருப்பை விட்டுவிட்டு ஓடுங்கள் என்று பலகை மாட்டலாம் என்றார். சொன்னால் கேட்கிற ஜனமா இது? தன் கால் தன் பேச்சையே கேட்கவில்லை என்பது ரஷ்மிக்குத்தான் தெரியும்.

கடைசியில் அவளுக்கு அந்தக் காலிலிருந்தே வழி கிடைத்தது. செருப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதானே ஓடுகிறார்கள்? ஓட வேண்டிய இடத்திலேயே செருப்பை வைத்துவிட்டால் போயிற்று. கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டி வேலியோரமாக, ஆபத்தில் எல்லாரும் கூட வேண்டிய இடத்தில், தகரக் கூரை போட்டுச் செருப்பு அலமாரியை வைக்கச் சொன்னாள். அங்கிருந்து மூன்று வாசலும் ஏறக்குறைய ஒரே தூரம். அந்த அமைப்போடு மணியடித்து ஒரு ஒத்திகை பார்த்தார்கள். ஜனங்கள் மூன்று பக்கமும் பிரிந்து, வெறுங்காலோடு சரசரவென்று வேலியோரம் போய் நின்றார்கள். அலமாரி வெளியே இருக்கும்வரை நானூறு, உள்ளே வந்தால் இருநூறு என்று எழுதி ரஷ்மி கையெழுத்துப் போட்டாள்.

கல்யாணத்தன்று ஆக்லாந்து தன் வேலையைக் காட்டியது. விடிந்ததிலிருந்து மழை, கூடவே காற்று. முன்வாசலுக்கும் அலமாரிக்கும் நடுவே நனையாமல் நடக்கப் போட்டிருந்த கூடாரம் காலையிலேயே சாய்ந்துவிட்டது. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரஷ்மி வந்து சேர்ந்தபோது, கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் முழங்கால் உயரத்துக்குச் செருப்பும் ஷூவும் குவிந்து கிடந்தன. உள்ளே ஒரு நாற்காலி காலியில்லை. ஓமப்புகைக்காக மண்டபத்தின் புகை உணரிகளை வேறு அணைத்து வைத்திருந்தார்கள். அதற்கென்று கண்காணிக்க ஆள் நின்றாலும், மணி தானாக அடிக்காது.

நல்லசாமி வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"சார், இதை இப்பவே வெளியே கொண்டுபோகணும்."

"அம்மணி, மழையப் பாருங்க. பெரியவங்கெல்லாம் வெறுங்காலோட ஈரத்துல நடப்பாங்களா? இன்னிக்கு ஒரு நாளைக்கு உட்ருங்க."

"அப்படின்னா பாதிப் பேரை வெளியே அனுப்பணும். யாரை அனுப்பறதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் முகம் சுருங்கியது. உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, போய்விட்டார். ரஷ்மிக்கு ஆத்திரமாக வந்தது. கல்யாணத்தை நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் வராது. விட்டுவிட்டுப் போய் உட்காரவும் முடியாது. புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு குனிந்து, கைக்குக் கிடைத்ததை அள்ளினாள். பிறத்தியார் செருப்பைக் கையால் தொடுவது அவளுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

அவள் மூன்றாம் நடை திரும்பியபோது கதிர்காமநாதன் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். இரண்டு கையிலும் சப்பாத்து. "நில்லும் பிள்ளை, நானும் வாறன்" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் பார்க்கத் தொடங்கினார்கள். பெண்ணைப் பெற்றவரும் பார்த்தார். மணப்பெண்ணை மேடைக்கு அழைக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அவர் அங்கவஸ்திரத்தைக் கழற்றிக் கதவின் கைப்பிடியில் போட்டுவிட்டு வந்து, சம்பந்தியின் கறுப்பு ஷூவை முதலில் எடுத்தார். அவர் குனிந்ததைப் பார்த்ததும் அண்ணன் தம்பி, பங்காளி என்று ஆளாளுக்கு எழுந்து வந்துவிட்டார்கள். நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்துவதற்குள் வாசல் காலியாகிவிட்டது.

நல்லசாமி சொட்டச் சொட்ட மேடையேறி உட்கார்ந்தார். தாலி கட்டியாயிற்று. ஓமத்தீ ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ரஷ்மியின் தொழிலில் ஒன்றும் நடக்காத நாள்தான் நல்ல நாள், அதற்கு யாரும் கைதட்டமாட்டார்கள்.

பந்தி முடிந்ததும் ஜனங்கள் கிளம்பினார்கள். முன்வாசலுக்கு யார் சுற்றிக்கொண்டு போவார்கள்? இலை போட்ட இடத்துக்கு அருகில் தெற்கு வாசல்தான். எமதர்மனை ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஈரோட்டுப் பெரியப்பாக்கள் ஏப்பம் விட்டபடி முதலில் போனார்கள்.

ரஷ்மி கடைசியாகத் தெற்கு வாசலுக்கு வந்தபோது நல்லசாமி அங்கே நின்றிருந்தார். தலையெல்லாம் நனைந்திருந்தது. கையில் ஊக்குக் குத்திய பழுப்புச் செருப்பு.

"அம்மணியோடதுதானுங்களே? வெறுங்காலோட மழையில நடக்க வேண்டாம்னு எடுத்துட்டு வந்தேன்" என்று குனிந்து அவள் காலடியில் வைத்தார்.

அவள் பதறிப்போய்க் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அப்பா வயது மனிதர். கண்ணில் நீர் முட்டியது. அதை மறைக்க அவளும் குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள், போட்டுக்கொள்ளவில்லை.

"சார், இது அங்கதான் இருக்கணும்."

நல்லசாமி ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு சத்தம் போட்டுச் சிரித்தார். இரண்டு பேரும் வெறுங்காலோடு மழையில் அலமாரிவரை நடந்தார்கள். அங்கே போய் ரஷ்மி செருப்பைப் போட்டுக்கொண்டாள்.