வலக்கை என்பவர் எழுதிய கருத்துகள்

1

இந்தக் கதை மனிதாபிமானத்தில் பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. உண்மை அதைவிட அற்பமானது. என் நாவலைப் பற்றி இணையக் கடையில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தினமும் காலையில் பல் துலக்கும் முன்பே பார்த்துவிடுவேன். (மனைவியிடம் வானிலை பார்ப்பதாகச் சொல்வேன்.) நாவல் வந்து எட்டு மாதத்தில் ஐந்து கருத்துகள். ஐந்தும் நண்பர்கள் எழுதியவை. ஒருவர் அட்டைப்படத்தை மட்டும் பாராட்டியிருந்தார்.

ஒருநாள் ஆறாவது வந்தது. இரண்டு நட்சத்திரம்.

"பக்கம் 61-ல் கதாநாயகி குழந்தையை இடுப்பில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் தலை பின்னிக்கொள்கிறாள். பின்னலுக்கு மூன்று புரி. ஒரு கையால் ஆகாது. எனக்கு இருப்பது ஒரு கை. முயன்று பார்த்திருக்கிறேன். மற்றபடி தாள் நல்ல தாள்."

கீழே பெயர்: வலக்கை.

எனக்குச் சுருக்கென்றது. இலக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பின்னலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாரே என்று நினைத்தேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலி முதுகில் மூன்று கயிறுகளைக் கட்டி, ஒரு கையால் பின்னிப் பார்த்தேன். இருபது நிமிடம். ஒரு புரியை எடுத்தால் இன்னொரு புரி நழுவியது. கதவைத் திறந்த மனைவி நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி சாத்திவிட்டுப் போனாள்.

2

கதையை எங்கே தொடங்குவது? எழுதி அடித்தவை:

"அந்த இயந்திரத்தின் இரும்புப் பற்கள் அவளுடைய இடக்கையை" (இயந்திரமா, வண்டியா, நோயா? எனக்கு அப்போது தெரியாது. தெரியாததற்குப் பல் வைத்திருக்கிறேன்.)

"விதி அவளிடமிருந்து ஒன்றைப் பறித்தது, ஆனால்" (ஆனாலுக்குப் பிறகு என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் நிறுத்தினேன்.)

கடைசியில், அன்று செய்ததையே எழுதுகிறேன். வலக்கை என்ற பெயரை அழுத்தினேன். அவர் அந்தக் கடையில் எழுதிய எல்லாமே வரிசையாக வந்தது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.

"ஜாம் பாட்டில். மூடி நல்ல மூடி. இரண்டு கை உள்ளவர்களுக்கான மூடி. முழங்கால்களுக்கு நடுவில் வைத்துத் திருகினேன். திறந்தது, மடியிலும் திறந்தது. ஒரு நட்சத்திரம்."

"பற்பசை. மூடி தட்டித் திறப்பது. கட்டைவிரல் போதும். ஐந்து."

"சரித்திர நாவல், 900 பக்கம். ஒரு கையில் விரித்துப் பிடித்தால் மூடிக்கொள்கிறது. ரொட்டி உருட்டும் கட்டையை மேலே வைத்துப் படித்தேன். அரசன் சாகும் இடத்தில் கட்டை உருண்டுவிட்டது. கதைக்கு நான்கு, கட்டுமானத்துக்கு ஒன்று."

"திரைப்படக் குறுந்தகடு. கை இழந்த நாயகன் ஒரே பாடலில் சமைக்க, சண்டை போட, சட்டைப் பொத்தான் மாட்டக் கற்றுக்கொள்கிறான். எனக்கு முதல் பொத்தானுக்குப் பதினொரு நாள் ஆனது. பாட்டு இனிமை. மூன்று."

"நகவெட்டி. இருக்கும் ஒரே கையின் நகத்தை அந்தக் கையாலேயே வெட்டுவது எப்படி? பெட்டியில் விளக்கம் இல்லை. நட்சத்திரம் பிறகு."

மாலை வரை படித்தேன். ஒரு இடத்திலும் தன்மேல் இரக்கம் இல்லை. யார் மேலும் கோபமும் இல்லை.

3

பக்கம் 61 தவறு என்று ஒப்புக்கொண்டு அவர் கருத்தின் கீழே எழுதினேன். மறுநாள் ஒரு வரி பதில்: "கயிற்றில் முயன்றீர்களா, முடியிலா?" அப்படித்தான் பழக்கமானோம்.

அவர் ஒரு பெரிய மருத்துவமனையின் விசாரணை மேசையில் வேலை செய்கிறார். நாற்பதைத் தாண்டிய பெண். தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, எந்த மருத்துவர் எந்த மாடி என்று வலக்கையால் எழுதிக் கொடுப்பார். இடக்கை முழங்கைக்குக் கீழே இல்லை. மதிய இடைவேளையில் சந்தித்தோம். கதை எழுத அனுமதி கேட்டேன். கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு.

"கை எப்படிப் போச்சுன்னு எழுதாதீங்க சார். எழுதினா எல்லாரும் அதை மட்டும்தான் படிப்பாங்க."

(ஆகவே எழுதவில்லை. எனக்கு இப்போது தெரியும். உங்களுக்குத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எதற்காக இத்தனை கருத்துகள் என்று கேட்டேன். தன் தங்கையைப் பற்றிச் சொன்னார். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். தங்கை ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். தூரத்து நகரத்தில் புதிதாகத் திறக்கும் கிளையை அவள் பொறுப்பில் விடுவதாகச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டும் மறுத்துவிட்டாள். மூன்றாம் முறை கூப்பிடமாட்டார்கள். வீட்டில் மூடி திறப்பதும், முடி பின்னுவதும், ஞாயிறுதோறும் அக்காவின் நகம் வெட்டுவதும் அவள்தான்.

"என்னால ஒரு மூடி திறக்க முடியலைன்னு அவ வாழ்க்கை மூடிக்கிடக்கக் கூடாது சார். எதெல்லாம் தனியாத் திறக்க முடியும்னு ஒவ்வொண்ணா பாத்துட்டு வரேன். பாக்கறதை எழுதி வெச்சா இன்னொருத்தருக்கு உதவும்."

(இந்த வசனம் என்னுடையது இல்லை. என்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா என்று இரண்டு நாள் பொறாமையில் கிடந்தேன்.)

4

இங்கே கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்று தோன்றியபோது, தானாகவே வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அந்த இருநூற்றுப் பன்னிரண்டும் காணாமல் போயின. கடையிலிருந்து வந்த செய்தி இரண்டே வரி: கருத்துகள் பொருளைப் பற்றி இருக்க வேண்டும், வாங்குபவரின் தனிப்பட்ட நிலையைப் பற்றி அல்ல.

தங்கை எனக்குத் தொலைபேசினாள். போனது நல்லதற்குத்தான், மறுபடி கிளப்பிவிடாதீர்கள் என்றாள். அக்காவின் கையைப் பற்றி முகம் தெரியாதவர்களெல்லாம் படிப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. குரலில் அழுகை இருந்தது. சரி என்றேன்.

ஆனால் வலக்கை விடுப்பு எடுத்துக்கொண்டு கடையின் அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார். நானும் போனேன். கருத்துப் பிரிவின் அதிகாரி வில்லன் இல்லை. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். விதியைப் பொறுமையாக விளக்கினார். வலக்கை பையிலிருந்து ஒரு மாத்திரைக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். அழுத்திக்கொண்டே திருக வேண்டிய மூடி. ஒரு கையால் திறந்து பாருங்கள், முடியாவிட்டால் குறை குப்பியுடையதா என்னுடையதா என்று பேசலாம் என்றார்.

(முதல் வரைவில் அதிகாரியால் திறக்க முடியவில்லை. மாத்திரைகள் சிதறின, அவர் தலைகுனிந்தார். படித்துப் பார்த்த வலக்கை, "நடந்தது இது இல்லையே" என்றார். அடித்துவிட்டேன்.)

நடந்தது: அதிகாரி குப்பியை மேசையின் விளிம்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் வைத்து, உடம்பைச் சாய்த்து, உள்ளங்கையால் அழுத்தித் திருகினார். ஒரு நிமிடத்தில் திறந்துவிட்டது. அவர் முகம் மலர்ந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

வலக்கை குப்பியை வாங்கி, அதே மாதிரி இரண்டு முறை திறந்து மூடினார். அதிகாரிக்கு நன்றி சொன்னார். வெளியே வந்ததும் நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடப்பதைப் பார்த்துச் சொன்னார்:

"தோத்துட்டோம்னு நினைக்கிறீங்களா? வரும்போது எனக்கு இதைத் திறக்கத் தெரியாது. இப்பத் தெரியும்."

அன்று மாலையே புதுக் கருத்து எழுதினார். "மாத்திரைக் குப்பி. எனக்கு இருப்பது ஒரு கை. திறக்க முடியாது என்று முன்பு எழுதியது தவறு. மேசை விளிம்பில் சாய்த்து அழுத்தினால் திறக்கும். ஒன்றிலிருந்து மூன்றாக உயர்த்துகிறேன்."

இரண்டே நாளில் அதையும் நீக்கிவிட்டார்கள்.

5

பத்து நாள் கழித்துக் கடை இறங்கிவந்தது. தன்னைப் பற்றிய வாக்கியங்களை எடுத்துவிட்டால் எல்லாவற்றையும் திரும்பப் போடுவார்களாம். நல்ல சமரசம் என்றுதான் எனக்குப் பட்டது. நான் எழுத்தாளன் அல்லவா? மூன்று கருத்துகளை நானே திருத்தி எடுத்துப்போனேன். "இந்தப் பாட்டிலின் மூடி சற்று இறுக்கமானது." "இந்த நூல் சற்றுக் கனமானது." சுத்தமான வாக்கியங்கள்.

வலக்கை மூன்றையும் இரண்டு முறை படித்தார்.

"கையை எடுத்துட்டீங்களே சார்."

காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

(என்ன செய்திருக்கிறேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இந்தப் பத்தியைச் சேர்க்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். என்னைத் தப்பவிடும் கதையாக இது இருக்கக் கூடாது.)

அடுத்த நாளிலிருந்து அவர் மறுபடி எழுத ஆரம்பித்தார். முதலிலிருந்து, ஒவ்வொன்றாக, ஒரு கட்டைவிரலால். வேலைக்குப் போகும் பேருந்தில் இரண்டு, திரும்பும்போது இரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டாவது வாக்கியம் ஒன்றேதான்: எனக்கு இருப்பது ஒரு கை. கடை நீக்கும். அவர் மறுபடி போடுவார். ஜாம் பாட்டிலை மட்டும் ஏழு முறை போட்டார்.

ஏழாவது முறை அதன் கீழே வேறு யாரோ எழுதியிருந்தார்கள்: "எனக்கு இரண்டு கை. ஒன்றில் எப்போதும் குழந்தை. மூடி பற்றி இவர் சொல்வது சரி." பிறகு கையில் மாவுக்கட்டோடு ஒருவர். பக்கவாதம் வந்த அப்பாவுக்காக ஒரு மகன். மளமளவென்று வரவில்லை; வாரத்துக்கு ஒன்று, இரண்டு. அறுபதாவது கருத்துக்குப் பிறகு நீக்குவது நின்றுவிட்டது. கடிதம் இல்லை, விளக்கம் இல்லை. நாமும் கேட்க வேண்டாம் என்றார் வலக்கை. இன்னும் நூற்றைம்பது பாக்கி இருந்தது.

6

அடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அங்கே இல்லை. இருவரும் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

வழக்கம்போல் தங்கை நகவெட்டியோடு வந்து உட்கார்ந்தாள். அக்கா ஒரு பலகையை மேசைமேல் வைத்தார். பலகையில் இன்னொரு நகவெட்டி திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருந்தது. பிடியை இடக்கையின் முழங்கையால் அழுத்தி, வலக்கையின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டினார். ஐந்து நகத்துக்கு ஒன்பது நிமிடம். தங்கை எழுந்து உதவப் போகவில்லை. விழுந்த நகத்துண்டுகளைக் காகிதத்தில் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கட்டைவிரல் கோணலா இருக்கு" என்றாள்.

"அடுத்த வாரம் நேராயிடும்."

அவள் காகிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"மூணாவது தடவையும் கூப்பிட்டுட்டாங்கக்கா. ஒண்ணாம் தேதி வந்து சேரச் சொல்றாங்க."

"போடி."

அவ்வளவுதான் பேச்சு. அன்று முழுக்கத் தங்கை அந்த அறுபதுக்கு மேற்பட்ட கருத்துகளையும் உட்கார்ந்து படித்தாளாம். திரைப்படத்தைப் பற்றியதில் சிரித்தாள் என்று அக்கா சொன்னார். எல்லாவற்றிலும் அழுதேன் என்று தங்கை சொன்னாள்.

7

முடிவுகள்.

ஒன்று: ஜாம் நிறுவனம் மூடியை மாற்றுகிறது. (வலக்கை: "விளம்பரம் மாதிரி இருக்கு சார்.")

இரண்டு: தங்கை போகாமல் பேருந்திலிருந்து இறங்கி ஓடிவருகிறாள். ("அவ இறங்கியிருந்தா நானே ஏத்திவிட்டிருப்பேன்.")

மூன்று, நடந்தது. ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் காலை, பேருந்து நிலையம். தங்கை சன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். வலக்கை கீழே நிற்கிறார், கையில் புதிதாக வாங்கிய குடை, பொத்தானை அழுத்தினால் விரிவது. பேருந்து நகரும்போது மழை பிடித்துக்கொண்டது.

இதற்குமேல் இருவரும் வேறு வேறாகச் சொல்கிறார்கள். குடை சட்டென்று விரிந்தது, விரித்த குடையோடு வளைவு வரை பார்த்துக்கொண்டு நின்றேன் என்கிறார் அக்கா. குடை விரியவே இல்லை, அக்கா மூடிய குடையை ஆட்டி வழியனுப்பிக்கொண்டு நனைந்தபடி நின்றாள் என்கிறாள் தங்கை. இருவரும் என்னிடம் பொய் சொல்லாதவர்கள். எதை எழுதுவது என்று நான் தீர்மானிக்கப்போவதில்லை.

கடையில் அன்று மதியமே கருத்து வந்துவிட்டது. "குடை. எனக்கு இருப்பது ஒரு கை. பொத்தான் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. துணி கெட்டி. பிடி வழுக்காது. நான்கு நட்சத்திரம்."

குறைத்தால் ஏன் குறைத்தார் என்று எழுதாமல் விட்டதே இல்லை அவர். இதில் எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவர் எழுதாமல் விட்ட அந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கி நான்கு முறையும் அடித்துவிட்டேன். ஐந்தாவதைத் தொடங்கிக் கொடுக்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.

ஒரு நட்சத்திரம் குறைத்ததற்குக் காரணம்,