மின்விசிறியை நிறுத்திய பிறகு

மின்விசிறி முதலில் நின்றதா, தங்கை முதலில் சிரித்தாளா, எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தும் எனக்குத் தெளிவாகவில்லை, ஒரு நாள் யோசித்தால் விசிறி நிற்கிறது, அந்த நிசப்தத்தில் அவள் சிரிப்பு தனியாகக் கேட்கிறது, இன்னொரு நாள் யோசித்தால் சிரிப்பு அடங்கிய பிறகுதான் விசிறி நிற்கிறது... இரண்டிலும் நான் கதவுக்கு வெளியே இருக்கிறேன், அது மட்டும் மாறுவதில்லை. நடைவழியில், திரும்பி வந்த சாமான்களுக்கு நடுவில், உட்கார வேறு எதுவும் இல்லாததால் ரிப்பேருக்கு வந்த ஒரு வீல்சேரில். அதன் ஒரு பக்க பிரேக் பிடிக்காது, பாதத்தை அழுத்தி ஊன்றாவிட்டால் மெல்ல நகரும். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் வீல்சேர் கொடுத்திருக்கிறேன், ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

எங்கள் அறக்கட்டளையின் வேலை எளிமையானது. வீட்டில் யாராவது படுக்கையில் விழுந்தால் கட்டில், காற்று மெத்தை, வாக்கர், வீல்சேர் எல்லாம் இரவல் கொடுப்போம், வாடகை கிடையாது, தேவை தீர்ந்ததும் திருப்பித் தர வேண்டும். தேவை எப்படித் தீர்ந்தது என்று கேட்க மாட்டோம், கட்டிலைக் கொண்டுவருகிறவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முதல் கட்டில் அப்பாவுடையது, தலைப்பக்கம் திருகினால் உயரும் இரும்புக் கட்டில், அப்பா போன பிறகு அதை என்ன செய்வது என்று நானும் தங்கையும் திகைத்து நின்றபோது பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் வந்து கேட்டார், கொடுத்தோம், அதுதான் தொடக்கம். யோசனை என்னுடையது. இல்லை, கொடுத்துடலாம்க்கா என்று முதலில் சொன்னது அவளா... அதுவும் இப்போது நிச்சயமில்லை. ஆனால் அன்றிலிருந்து யாருக்கு எந்தக் கட்டில் போக வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அனுப்பியவள் நான், அதில் சந்தேகமே இல்லை, அன்று உள்ளே குழு பேசிக்கொண்டிருந்ததும் அதைப் பற்றித்தான். இனி எல்லாவற்றையும் ஒரே ஆள் முடிவு செய்யக் கூடாது, நிர்வாகத்தை வேறொருவரிடம் கொடுக்கலாம், நான் கௌரவ ஆலோசகராக இருக்கலாம். ஒருவர் பதவிக்கு முன்னால் கௌரவம் என்று சேர்க்கிறார்கள் என்றால் அவருடைய செருப்பை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள் என்று பொருள்.

யாரைப் பற்றிப் பேச்சோ அவர் வெளியே இருக்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் விதி, கொண்டுவந்ததே நான்தான். குழுவில் இருந்த எலும்பு டாக்டருடைய மச்சான் வாக்கர் விற்கிறார், அவரிடம் வாங்கலாமா என்ற கேள்வி வந்தபோது டாக்டரை வெளியே இருக்கச் சொன்னேன், அவர் முகம் கோணாமல் எழுந்து போய் இதே நடைவழியில் ஒரு வீல்சேரில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தார், வேண்டாம் என்று முடிவு சொன்னதும், "கைவிட்டாச்சா, நல்லதாப்போச்சு, எனக்கே அவனைப் பிடிக்காது" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்த மாதிரி ஒரு வாக்கியம் எனக்கு ஏன் வரவில்லை? பாதத்தை ஊன்றியபடி நான் தேடிக்கொண்டிருந்தேன், உள்ளே கூப்பிட்டதும் சொல்வதற்கு லேசாக ஒன்று, யாருக்கும் என் கலக்கம் தெரியாதபடி ஒன்று.

குழுவில் ஒவ்வொருவரையும் நான்தான் சேர்த்தேன், வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கிற மாதிரி பார்த்து. சட்டம் தெரிந்தவர் வேண்டும் என்று வக்கீல், அவர்தான் தலைவர். நோயாளியின் வீட்டுக்கு எது தேவை என்று சொல்ல டாக்டர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் எதற்கு என்றால், ஊரில் பாதிப் பேர் அவரிடம் பிரம்படி வாங்கியவர்கள், அவர் பேர் சொன்னால் இரவல் போன கட்டில் தானாகத் திரும்பி வரும். எதற்கும் தலையாட்டுவார் என்பதால் நானும் தங்கையும் எங்களுக்குள் அவருக்கு ஆமாம் சார் என்று பெயர் வைத்திருந்தோம். தங்கை எதற்கு? எனக்கென்று ஒருத்தி வேண்டாமா. இவர்களைக் கூட்டத்தில் திணறவிடக் கூடாது என்று முந்தின நாள் சாயங்காலமே ஒவ்வொருவருக்கும் போன் செய்துவிடுவேன், அது ஒரு மரியாதை, நாளைக்கு ஒரு விஷயம் வரும், நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாம், சரிதானே என்பேன், சரி என்பார்கள், மறுநாள் கூட்டம் வழுக்கிக்கொண்டு போகும். டாக்டர் ஒரு தடவை, "அஞ்சு பேர் உட்கார்றோம், நாலு பேர் டீ குடிக்கத்தான் வர்றோம் போல" என்றார், வேடிக்கைக்குச் சொன்னார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். தொண்டை கட்டி எனக்குப் பேச்சு வராமல் இருந்த காலத்தில் போன் வேலையைத் தங்கையிடம் கொடுத்தேன், என்ன சொல்ல வேண்டும், எந்தக் குரலில் சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தேன், என்னைவிட நன்றாகச் செய்தாள், பிறகு அவளிடமே விட்டுவிட்டேன்.

அந்த அறையின் மின்விசிறி பழசு, கடகடவென்று அடித்துக்கொள்ளும், அதற்கு மேல் எல்லோரும் கத்திப் பேசுவோம். முடிவு எடுக்கும்போது மட்டும் வக்கீல் எழுந்து அதை நிறுத்துவார், ஒவ்வொருவர் வார்த்தையும் எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்று. வெளியே இருக்கிறவருக்கும் அதனால் தெரிந்துவிடும், விசிறி ஓடுகிறவரை பேச்சு, நின்றால் முடிவு. நான் வெகுநேரம் ஓடும் என்று நினைத்திருந்தேன். தங்கை குரலை உயர்த்துவாள், அப்பாவுக்கு ஊசி போட மறந்த ஆஸ்பத்திரியில் போட்ட சண்டை மாதிரி ஒன்று போடுவாள், வக்கீல் சமாதானம் செய்வார், கதவு வழியாக எனக்குப் பாதி கேட்கும்... சேரைச் சுவரோரம் தள்ளி, பாதத்தைச் சரியாக ஊன்றி, தலையைச் சாய்க்கக்கூட இல்லை, விசிறி நின்றுவிட்டது. அதற்குள்ளா? வாக்கருக்கே எவ்வளவு நேரம் கத்தினோம். பேசாமலே முடிவெடுக்கிறார்கள் என்றால் பேசியாகிவிட்டது என்றுதானே அர்த்தம், எங்கே, எப்போது, யார் ஆரம்பித்தது? அப்புறம் அந்தச் சிரிப்பு. அல்லது அதற்கு முன்னால். பயந்தால் தங்கைக்குச் சிரிப்பு வரும், அப்பாவின் மூச்சு நின்றபோதுகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நான்தான் அணைத்துக்கொண்டேன். விசிறி நின்ற பிறகு சிரித்தாள் என்றால் அது அந்தச் சிரிப்பு. விசிறி ஓடும்போதே சிரித்தாள் என்றால் யாரோ ஏதோ வேடிக்கை சொல்லியிருக்கிறார்கள், நான் இல்லாத அறையில் அவளுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கிறது.

கதவைத் திறந்தது அவள்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்த்தாள். "இதுல ஏன்க்கா உட்கார்ந்தே, பிரேக் பிடிக்காதே இது" என்றாள். உள்ளே வக்கீல் எழுந்து நின்றார், எனக்காக அவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. "ஒருமனதா முடிவாயிடுச்சும்மா, ஆலோசனைக்கு எப்பவும் நீங்க இருக்கணும்" என்றார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தேடிக்கொண்டிருந்த லேசான வாக்கியம் எதுவும் வரவில்லை, தலைமையாசிரியர் பக்கம் திரும்பி, நீங்களும் ஆமாம்தானா சார் என்று மட்டும் கேட்டேன், அவர் மேஜையைப் பார்த்தபடி, "இதுவரைக்கும் நான் வேற ஏதாவது சொல்லியிருக்கேனாம்மா?" என்றார். கிண்டல் இல்லை அவர் குரலில், அதுதான் கஷ்டமாக இருந்தது. இனி யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று கேட்டேன். தங்கை எழுந்து போய் மின்விசிறியைப் போட்டாள்.

ஒருமனதாக... அந்தச் சொல்தான் வீடு வரைக்கும் கூட வந்தது, நாலு பேர் எப்படி ஒரு மனது, என் மனதை யார் கேட்டார்கள், வக்கீல் வார்த்தையை அளந்து பேசுகிறவர் ஆயிற்றே, செருப்பைக் கழற்றும்போதுதான், ஒற்றைக் காலில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான், முந்தின நாள் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. அவள் போன் செய்திருந்தாள். "நாளைக்கு ஒரு விஷயம் வரும்க்கா, நீ ஒண்ணும் சிரமப்படாதே, சரிதானே?" நான் கற்றுக்கொடுத்த இடத்தில் நிறுத்தினாள். என் தங்கை எனக்குத் தைரியம் சொல்கிறாள் என்று நினைத்து, நெஞ்சு நிறைந்து, சரி என்று சொல்லியிருந்தேன்.

தலைமையாசிரியர் கொஞ்ச காலம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார், அப்பாவின் கட்டிலில்தான் படுத்திருந்தார், அது திரும்பி வந்துவிட்டது. டாக்டர் மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போனார். வக்கீல் இன்னும் தலைவர். நிர்வாகத்தைத் தங்கை பார்க்கிறாள், குழுவில் புது ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள், கூட்டத்தில் சண்டை வருகிறதாம், கட்டில்கள் முன்னைவிட அதிகம் போய் வருகின்றனவாம். மின்விசிறியை மாற்றிவிட்டார்கள், புதியதில் சத்தம் இல்லை. நான் வீட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வருகிறாள், காய் நறுக்கிக் கொடுக்கிறாள், ஏன் சிரித்தாய் என்று நான் இதுவரை கேட்கவில்லை.