மேகத்திலிருந்து இறங்கிய அண்ணன்

எங்கள் ஸ்டூடியோவில் செத்தவர்களுக்குத்தான் வேலை அதிகம். இப்படிச் சொன்னால் ஜாபர் பாய் முறைப்பார். ராயபுரத்தில் முப்பது வருஷமாகக் கடை நடத்துகிற மனிதரிடம் போய் அவர் கடையைச் சுடுகாடு மாதிரிப் பேசினால் கோபம் வராதா? ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான், எனக்குத் தெரியும். கல்யாணப் படத்தோடு வருவார்கள். கூடவே ஏதோ ஒரு பழைய அட்டையிலிருந்து எடுத்த மங்கலான முகம் ஒன்று இருக்கும். "இது எங்கப்பா. பொண்ணு கல்யாணத்தப் பார்க்காம பூட்டாரு. இத்துல சேர்த்துக் குடும்மா" என்பார்கள். நானும் சேர்ப்பேன். இருப்பவர்கள் கீழே நிற்பார்கள், போனவர் மேலே மேகத்துக்கு நடுவில் மார்பு வரைக்கும் தெரிவார்.

இந்துக்கள் பக்கத்தில் ஒரு விளக்கு கேட்பார்கள். கிறிஸ்தவர்கள் தலைக்குப் பின்னால் ஒளி கேட்பார்கள். எங்களைப் போன்ற பௌத்தக் குடும்பங்களுக்கு ஓரமாக ஒரு வெள்ளைத் தாமரை போதும். மேகம் மட்டும் எல்லோருக்கும் பொது. தங்கள் வழக்கத்தில் இதெல்லாம் கிடையாது என்று சொல்கிற பாய்தான், நான் மேகம் போடும்போது பின்னால் வந்து நின்று "இன்னும் கொஞ்சம் வெள்ளையா வெய்ம்மா" என்பார்.

மீதி வேலை கட்சிக்காரர்களுடையது. பேனரில் தலைவர் இவ்வளவு பெரிது, மாவட்டம் இவ்வளவு, வட்டம் இவ்வளவு என்று அளவு உண்டு. ஒரு அங்குலம் குறைந்தால் ஆள் வந்து மேஜையைத் தட்டுவார். செத்தவர்கள் அப்படி வருவதில்லை என்பதால் அவர்களை எனக்குப் பிடிக்கும்.

என் அண்ணன் செங்குட்டுவனும் கட்சிக்காரன்தான். துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு என்னைப் படிக்க வைத்து, கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பி, கல்யாணமும் செய்து வைத்தது அவன்தான். கட்சிக்கரை போட்ட துண்டு இல்லாமல் அவன் தெருவில் இறங்கமாட்டான். குளிக்கும்போதாவது கழற்றுவானா என்று நானே அண்ணியிடம் கேட்டிருக்கிறேன்.

அந்தத் துண்டுதான் எங்களைப் பிரித்தது. வருஷா வருஷம் மே மாதம் எல்லோரும் ஒரு வேனில் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போவோம். அப்பா எங்களைப் பௌத்தத்துக்குக் கூட்டி வந்துவிட்டாரே தவிர, அம்மா கெங்கம்மாவை யாராலும் ஒரே இடத்தில் நிறுத்த முடியவில்லை. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவாள், நாகூர் தர்காவில் சர்க்கரை வைத்து ஓதி வாங்குவாள், திரும்பும் வழியில் எந்த அம்மன் கோயில் தெரிந்தாலும் வேனை நிறுத்தச் சொல்வாள். கேட்டால், "புத்தரு ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு, அவரு நல்ல மனுசன்" என்பாள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நான் ஒரு குடும்பப் படம் எடுத்தேன். கடலில் நனைந்தும்கூட அண்ணன் தோளில் துண்டு இருந்தது. என் வீட்டுக்காரர் பகலவனுக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை. அவருடைய முதலாளி எதிர்க்கட்சி. "படத்த குரூப்புல போடாத, மொதலாளி கண்ணுல பட்டா பேஜாரு" என்றார். எனக்குத்தான் கைவேலை தெரியுமே. லாட்ஜ் அறையில் உட்கார்ந்து இரண்டே நிமிஷத்தில் துண்டை அழித்துவிட்டுப் படத்தைப் போட்டேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

அண்ணன் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டான். என் அறை வாசலில் வந்து நின்றான்.

"அப்பா செத்தன்னிக்கு சொந்தக்காரன் ஒருத்தன் வரல. இந்தத் துண்டப் போட்டுகினு எட்டுப் பேரு வந்துதான் தூக்கினாங்க. அத்தப் போயி அழிச்சிட்டியே" என்றான்.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் வாய்க்குத்தான் பூட்டு கிடையாதே. "துண்டுதானே போச்சு, தோளா பூட்ச்சு?" என்றேன். அவன் அன்றைக்கே பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு என் வீட்டு வாசலை அவன் மிதிக்கவில்லை, நானும் அவன் இருக்கும் புளியந்தோப்பு பக்கம் போகவில்லை. அம்மா அவன் வீட்டில் இருந்துகொண்டு, லீவுக்கு மட்டும் என்னோடு வந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சண்டை முடிந்து மூன்றாவது வாரம் நான் பாயிடம் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "கூடப் பொறந்தவங்க எத்தினி பேரும்மா?" என்று கேட்டார். எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்த நேரம். "அண்ணன் ஒருத்தர் இருந்தாரு. லாரியில அடிபட்டுச் செத்துட்டாரு" என்றேன். பாய் என்னவோ முணுமுணுத்துவிட்டு, அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் திருத்தவில்லை. முதல் வாரம் வெட்கமாக இருந்தது, ஒரு மாதம் போனதும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, பிறகு அது அப்படியே கிடந்துவிட்டது.

இந்த வருஷம் நாகூர் போய்விட்டு வந்து பத்து நாள் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பாய், செய்தித்தாளில் சுற்றிய பெரிய பிரேம் ஒன்றை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அவரே படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"யாருக்கு பாய்?"

"புளியந்தோப்புல ஒரு அம்மாவுக்கு. உனுக்கு அப்பால சொல்றேன்" என்றார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம் இருந்தது. ஒன்றும் புரியாமல் நான் ஒரு பூப்புனித நீராட்டு விழா பேனரில் தாய்மாமன்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரத்தில் ஸ்கூட்டர் திரும்பி வந்தது. பின்னால் ஒருவன் பிரேமை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோளில் துண்டு. காதோரம் நரைத்திருந்தது.

அண்ணன் உள்ளே வந்து பிரேமை என் மேஜை மேல் வைத்தான். "பாரு" என்றான்.

நாகூரில் நான் கையை நீட்டி எடுத்த செல்ஃபி அது. ஓரத்தில் என் பாதி முகம், பிறகு அம்மா, என் வீட்டுக்காரர், மகள் மதி, பின்னால் தர்கா மினாரா. மினாராவுக்கு மேலே பஞ்சுப் பொதியாக மேகம். அதன் நடுவில், தலையைச் சுற்றி ஒளியோடு, பக்கத்தில் வெள்ளைத் தாமரையோடு, என் அண்ணன் மார்பு வரைக்கும் தெரிந்து எங்கள் எல்லோரையும் ஆசீர்வதித்துக்கொண்டிருந்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"சிரிக்கிற? காலைல பல்லு வெளக்கிகினு கீறேன், கதவத் தட்றாரு. தொறந்தா, என்னப் பார்த்ததும் இந்த மனுசன் செவுத்தப் புட்ச்சிகினு ஒக்காந்துட்டாரு!"

"மவுத்தான ஆளு வாயெல்லாம் நொரையோட வந்து நின்னா நான் இன்னா பண்றது தம்பி?" என்றார் பாய்.

"எதிர் வூட்டு தாயம்மா வந்திச்சு. படத்த மட்டும் பார்த்துட்டு ஒப்பாரி ஆரம்பிச்சிச்சு. பக்கத்துலயே நின்னுகினு 'தோ கீறேன், தோ கீறேன்'னு சொல்றேன், காதுலயே வாங்கல!" என்றான் அண்ணன். பிறகு குரலை இறக்கினான். "அம்மாதான் கேட்டுச்சாம். ரெண்டு புள்ளையும் ஒரே படத்துல வோணும்னு, உனுக்கு லீவு நாளா பார்த்து வந்து அழுதுச்சாம். அது சரி. நான் செத்துட்டேன்னு யாரு சொன்னது?"

பாய் என்னைப் பார்க்கவே இல்லை. "நானாதான் நெனச்சிகினேன் தம்பி. பெத்தவங்க அழுதாங்களா, இங்க வர்றவங்க எல்லாம் அதுக்குத்தான வர்றாங்க, அதான். சிவந்திக்கு இதுல ஒண்ணும் தெரியாது. எல்லாம் என் தப்பு" என்றார்.

அவருக்குத் தெரியும். நான் பொய் சொன்னேன் என்று அந்தக் கதவு திறந்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் வழியெல்லாம் அண்ணனிடம் அதைச் சொல்லாமல், பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நான் சும்மா இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அண்ணன் பாயைத் திட்டிவிட்டுப் போயிருப்பான். மறுபடி நான்கு வருஷம் ஆகியிருக்கும்.

"நான்தான் சொன்னேன்ணா" என்றேன். "இங்க சேர்ந்த அன்னிக்கே சொன்னேன். பாய் மேல தப்பு இல்ல."

அண்ணன் பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். பின்னால் வெள்ளைத் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

"எப்டி செத்தேன்னு சொன்ன?"

"லாரியில அடிபட்டு."

"பதினெட்டு வருசமா லாரி ஓட்டறேன். ஒரு கீறல் கெடையாது. போயும் போயும் லாரியிலயா சாவடிப்ப?"

அந்தக் குரலில் கோபம் பாதிதான் இருந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். "அவரு மொதலாளிக்குப் பயந்து துண்ட எடுத்தது தப்புண்ணா. அப்பாவத் தூக்கினவங்கள நானும்தான பார்த்தேன். தெரிஞ்சேதான் வாய் விட்டேன். ஒவ்வொரு வருசமும் வேன்ல உன் சீட்டப் பார்த்துகினேதான் போனேன். மன்னிச்சிரு" என்றேன். நான்கு வருஷமாகப் பேசாமல் வைத்திருந்தது இவ்வளவுதான். சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவன் எழுந்து வந்து படத்தைக் குனிந்து பார்த்தான். "பாய், இதுல துண்டு கீதே" என்றான்.

"அம்மா குடுத்த பழைய படத்துல இருந்திச்சு தம்பி. போனவரு ஆசையாப் போட்டுகினது, அத்த எடுக்க நான் யாரு? மேகத்துல கரை மங்கலா பூட்ச்சு. அத்த மட்டும் கொஞ்சம் பளிச்சுனு வெச்சேன்" என்றார் பாய். பிறகு என் பக்கம் திரும்பி, "நாலு வருசமா ஒவ்வொரு ஜும்மாவும் உன் வூட்டுக்காகத் துவா கேட்டேம்மா, அண்ணன் இல்லாத பொண்ணாச்சேன்னு. அது வீணாப் போவல பாரு" என்றார்.

முன்பின் தெரியாத ஒருவனின் துண்டைப் பாய் அழிக்கவில்லை. கூடப் பிறந்த நான் அழித்திருக்கிறேன். அந்த மனிதர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. அவருக்கு அதெல்லாம் பிடிக்காது என்பதால் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் தாயம்மாவிடம் விஷயம் கேட்டு, ஷேர் ஆட்டோவில் அம்மா வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே பாயைத்தான் பிடித்தாள். "பக்கத்துல நிக்க வையின்னுதான நைனா கேட்டேன்? மேல ஏத்துன்னு சொன்னேனா?" என்றாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் கண் சிவந்திருந்தது.

"மொதல்ல என்ன கீழ எறக்கு" என்றான் அண்ணன் என்னிடம்.

நான் அவசரமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாயின் கோப்பைத் திறந்தேன்.

"அதுல இல்ல. இங்க வா" என்றான். அம்மாவை வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, அவன் ஒரு பக்கம் நின்றான். பாய் கேமராவை எடுத்தார். எத்தனையோ வருஷமாகப் படம் எடுக்கிறவள் நானே என்பதால், கையை வைத்துக்கொண்டு எங்கே நிற்பது என்றே எனக்குத் தெரியவில்லை. பாய் கையைக் காட்டி, அம்மாவுக்கு மறுபக்கம் நிற்கச் சொன்னார்.

பாய் ஒன்று, இரண்டு எண்ணும்போது அண்ணன் தோளிலிருந்து துண்டை எடுத்து மடித்தான். "உன் வூட்டுக்காரரு மொதலாளி பார்த்துடப் போறாரு" என்றான். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே சொன்னான். நான் சுற்றிக்கொண்டு போய் அவன் கையிலிருந்து துண்டை வாங்கி, உதறி, கரை வெளியே தெரிகிற மாதிரி அவன் தோளில் போட்டேன். "மொதலாளி நல்லா பார்க்கட்டும்" என்றேன்.

அந்தப் படம் இப்போது இரண்டு வீட்டிலும் மாட்டியிருக்கிறது. மேகப் படத்தை அண்ணன் பீரோ மேல் வைத்திருக்கிறான். என்றைக்காவது வேண்டியிருக்கும் என்கிறான், அம்மா அவனை அடிக்க வருகிறாள். அடுத்த மே மாதத்துக்கு வேன் சொல்லியாகிவிட்டது. பாயையும் அவர் வீட்டம்மாவையும் நாகூருக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாக இருக்கிறான்.

படத்தில் அண்ணன் கண் மூடியிருக்கிறது, என் மூக்கு வீங்கியிருக்கிறது, அம்மாவின் புடவைத் தலைப்பு ஒரு பக்கம் தொங்குகிறது. இரண்டு நிமிஷத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவேன். நான் எதையும் தொடவில்லை.