கோகுல்நாத்தின் லீவு

மேடையில் பாட்டு ஆரம்பித்த அதே நொடியில் வெங்கடேஸ்வரனின் சட்டைப் பையில் போன் அலறியது. முன் வரிசையில் இருந்த நான்கைந்து பேர் திரும்பி முறைத்தார்கள்.

“பந்த் கரோ, பாய்சாப்,” என்றாள் ஒரு பெண்மணி.

அணைக்கத்தான் எடுத்தான். திரையில் சுபேதார் மேஜரின் பெயர். எழுந்து, கால்களை மிதித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வராந்தாவுக்கு வந்தான்.

மகள் வைஷுவின் பள்ளி ஆண்டு விழா அது. பூனாவில் அதைக் ‘கேதரிங்’ என்பார்கள். ஹவில்தார் வெங்கடேஸ்வரன் மகள் ஆடி ஒரு கேதரிங்கூடப் பார்த்ததில்லை. டிசம்பர் மாதமென்றால் அவன் எங்கேயாவது பனிக்குள் நிற்பான். இந்த வருடம்தான் லீவு கிடைத்தது.

“எங்கப்பா இருக்க?” என்றார் சுபேதார் மேஜர்.

“பொண்ணு ஸ்கூல்ல, சாப்.”

“சரி, கேட்டுக்க. நம்ம நாயக் கோகுல்நாத் போயிட்டான். காலையில ரேஷன் வண்டி ரோட்டை விட்டு இறங்கிடுச்சு. அவனும் டிரைவரும்.”

உள்ளே கைதட்டல் கேட்டது.

“அவங்க அம்மா தேஹு ரோடுலதானே? டிவிக்காரன் சொல்றதுக்கு முன்னாடி நாம நேர்ல போய்ச் சொல்லணும். பூனா ஆர்மி ஸ்டேஷன்லேருந்து ஒரு கேப்டன் வர்றார். அவருக்குத் தமிழ் வராது. நீ கூடப் போ. யூனிஃபார்ம்ல போ.”

“சரி சாப்” என்று சொன்னது தன் குரல்தானா என்று வெங்கடேஸ்வரனுக்குச் சந்தேகமாக இருந்தது. மனைவி தேடிக்கொண்டு வந்தாள்.

“இன்னாங்க இங்க நிக்கிறீங்க, அடுத்தது அவதான்.” அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. “கூப்பிட்டுட்டாங்களா?”

“இல்ல. வேற வேலை. நீ பாரு. வீடியோ எடு.”

அவன் தெருவில் இறங்கி நடந்தபோது வைஷுவின் பாட்டு ஒலிபெருக்கியில் பின்னாலேயே வந்தது.

அவன் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு வரும்வரை ஜீப்பில் காத்திருந்த கேப்டன் தேஷ்வால் அரியானாக்காரர், வெங்கடேஸ்வரனைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் “உட்காரு, தம்பி” என்றார். வடக்கத்தி அதிகாரிகளுக்குத் தமிழ்ச் சிப்பாய் எல்லோரும் தம்பிதான்.

வண்டி பிம்ப்ரி, சிஞ்ச்வட் நெரிசலில் ஊர்ந்தது. வெங்கடேஸ்வரன் சொல்ல வேண்டிய வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். அது வந்துவிட்டது. அதற்கு அடுத்த வாக்கியம்தான் வரவில்லை.

இந்த லீவு முறைப்படி கோகுல்நாத்துடையது. போன மாதம் சமையல் கொட்டகையில் ரொட்டிக்கு நிற்கும்போது வெங்கடேஸ்வரன்தான் கேட்டான். “கோகுலு, பாப்பாவுக்கு டான்ஸ் இருக்குடா. நீ ஜனவரியில போறியா?” கோகுல்நாத் யோசிக்கக்கூட இல்லை. “போண்ணே. எனக்கு வீட்ல ஒண்ணும் அவசரம் இல்ல. பாப்பாவுக்கு மட்டும் உன் டான்ஸைக் காட்டிடாத, ஸ்டேஜை விட்டு ஓடிடும்” என்று சிரித்தான்.

இரண்டு பேரும் வேலூர்ப் பக்கம். கோகுல்நாத்தின் அப்பா தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை பார்த்து, அங்கேயே காலமானவர். இப்போது அம்மா ஆனந்தவல்லி மட்டும். போன லீவில் அந்த அம்மா கையால் வெங்கடேஸ்வரன் சாப்பிட்டிருக்கிறான். லீவு மாறிய கதை அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இவன் சொல்லாவிட்டால் யாரும் சொல்லப் போவதில்லை. சொல்லாமல் திரும்பிவிடலாம். திரும்பிப் போய் வைஷுவின் வீடியோவைப் பார்க்க முடியுமா என்பதுதான் தெரியவில்லை.

“தம்பி,” என்றார் கேப்டன் இந்தியில். “என் முதல் கம்பெனியில் பாதிப் பேர் உங்கள் ஆட்கள். லீவில் கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்பார்கள். கிளம்பிப் போவதைத்தானே அப்படிச் சொல்கிறீர்கள்?”

வெங்கடேஸ்வரன் நிக்டி பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஆமா சாப்,” என்றான்.

டிப்போவுக்குப் பின்னால் இருந்த பழைய மூன்று மாடிக் கட்டடம். ஆனந்தவல்லி இரண்டாவது மாடியில் கதவைத் திறந்தாள். கையில் மாவு.

“அட, வெங்கடேசா. வா தம்பி, வா. இன்னா இது, யூனிஃபார்மோட? லீவா, டூட்டியா?”

சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அடுத்த வாக்கியம் முந்திக்கொண்டு தொண்டையில் வந்து நின்றது. ‘உங்க பையன் இடத்துல நான் வந்திருக்கேன்.’ இரண்டும் ஒன்றையொன்று அடைத்துக்கொண்டன. அவன் வாயைத் திறக்கவில்லை.

கேப்டன் அவனைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு தாய்க்குச் சொல்லும் செய்தியை அவள் பாஷையிலேயே சொல்ல வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்தார்.

“அம்மா. கோகுல்நாத் போயிட்டு வந்தார்.”

“வந்துட்டானா?”

ஆனந்தவல்லியின் முகம் முழுக்க மாறிவிட்டது. “அதானே பாத்தேன், நீ மட்டும் எப்படி வருவேன்னு. கீழ நிக்கிறானா? மேல வர்றதுக்கு இன்னா, ரோஷமா தொரைக்கு?”

வெங்கடேஸ்வரன் கை நீட்டுவதற்குள் இருவருக்கும் நடுவே புகுந்து படியிறங்கிவிட்டாள். மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே போனாள். செருப்புகூடப் போடவில்லை. முதல் மாடி ஜன்னலிலிருந்து யாரோ மராத்தியில் “என்ன காகூ, இந்த ஓட்டம்?” என்று கேட்டது காதில் விழுந்தது.

“மாஜா முல்கா ஆலா,” என்றாள் ஆனந்தவல்லி. என் பையன் வந்துட்டான்.

வெங்கடேஸ்வரன் இறங்கி ஓடினான். அவள் ஜீப்பின் பின்பக்கத் திரையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முன்பக்கம் வந்தாள். டிரைவர் பதறி இறங்கி விறைப்பாக நின்றான். அவனையும் தாண்டித் தெருக்கோடி வரை பார்த்தாள்.

“எங்க தம்பி?”

“அம்மா. அவர் தப்பாச் சொல்லிட்டார். கோகுல் வரல.”

“பின்ன?”

“வண்டி பள்ளத்துல விழுந்துடுச்சும்மா. காலையில. கோகுல் இல்லம்மா.”

அவள் அழவில்லை. திரையைத் தூக்கியதில் கலைந்திருந்த அதன் மடிப்பைச் சரிசெய்தாள். ஜன்னலில் இருந்த பெண்மணி இறங்கி வந்து அவளைக் கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்துப் போனாள்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வீட்டில் நிறைந்தார்கள். கேப்டன் வெளியே கைப்பிடிச் சுவரோரம் நின்றார். தொப்பி இன்னும் கக்கத்திலேயே இருந்தது.

“நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டார்.

வெங்கடேஸ்வரன் ஒரு கணம் யோசித்தான். “நீங்க சரியாத்தான் சொன்னீங்க, சாப். அவங்களுக்குச் சரியாக் கேட்கல.”

கேப்டன் நம்பவில்லை. ஆனால் மறுபடி கேட்கவும் இல்லை. உடல் எந்த விமானத்தில் வருகிறது என்று விசாரிக்கப் போனோடு கீழே இறங்கினார்.

வெங்கடேஸ்வரன் உள்ளே போனான். ஆனந்தவல்லி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புடவையில் மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. சுற்றியிருந்த மராத்திப் பெண்களுக்குத் தமிழ் தெரியாது. அந்த அறையில் இவன் சொல்வது அவளுக்கு மட்டும்தான் புரியும்.

அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். சற்று முன் பேசாமல் நின்றதன் பலனைப் பார்த்தாகிவிட்டது. இரண்டாவது முறை அப்படி நிற்க அவனால் முடியாது.

“அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இப்ப நான் இருக்கிறது கோகுலோட லீவு. இந்த மாசம் அவன்தான் இங்க வந்திருக்கணும். என் பொண்ணு டான்ஸு பாக்கணும்னு நான் கேட்டேன். விட்டுக்கொடுத்துட்டான்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“திட்டுங்கம்மா. அடிக்கணும்னாலும் அடிங்க.”

ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஆனந்தவல்லி வாங்கிக் கீழே வைத்துவிட்டு, வெங்கடேஸ்வரனின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இரும்பாக இருந்தது. மற்றவர்களுக்குப் புரியாது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உனக்காக விட்டுக்கொடுக்கல தம்பி, அந்த மராத்திக்காரப் பொண்ணைக் கட்டிக்கிறதா இருந்தா என் வாசப்படி மிதிக்காதேன்னு நான்தான் சொன்னேன்.”