பழப்புளி போட்டு மினுக்கிய பூச்சாடி

அந்தப் பூச்சாடி கறுப்பாக இருந்தது. யார் பார்த்தாலும் ஊத்தை என்றுதான் சொல்வார்கள். இன்றைக்குக் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

எண்பத்தேழாம் ஆண்டு. மிஸ்டர் பெல்லமி என்ற வெள்ளைக்காரர் லண்டனில் கென்சிங்டன் பக்கம் பழைய ஜப்பான் சாமான் விற்கிற கடை வைத்திருந்தார். மடிக்கிற திரை, அரக்குப் பெட்டி, வாள், வெண்கலச் சாமான், எல்லாம் நூறு இருநூறு வருடத்துக்கு முந்தியவை. என் மனுஷன் பத்மநாதன் அங்கே சாமான் ஏற்றுகிற வான் ஓடினார். கடை கூட்டித் துடைக்க நான். வேலையோடு சேர்த்து மேல்மாடியில் ஓர் அறையும் தந்தார்கள். அதற்கு முந்தி மனோர் பார்க்கில் இவருடைய தமையன் வீட்டு ஹோலில்தான் படுக்கை. எல்லாரும் ரீவி பார்த்து எழும்பும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டு மூச்சுவிட ஓரிடம் கிடைத்ததே என்று நான் கும்பிடாத சாமியில்லை. வேலை போனால் அறையும் போகும். அதுவும் எனக்குத் தெரியும்.

இவர் பகல் முழுக்க வான் ஓடிவிட்டுப் பின்னேரம் பெற்றோல் ஸ்டேஷனுக்கு ஷிப்டுக்குப் போவார். சோற்றுக்கோப்பைக்கு முன்னாலேயே கண் செருகிவிடும். எனக்கோ இங்கிலிஷ் வராது. நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்து இருந்து எனக்கே என் குரல் மறந்துபோயிற்று. அலுத்துப்போன இரண்டு பேர் ஓர் அறைக்குள் இருந்தோம்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் எங்கள் குத்துவிளக்கை மினுக்கப் பழப்புளியும் உப்பும் கரைத்தேன். விளக்கு முடிந்தும் புளி மிச்சம் இருந்தது. கொட்ட மனம் வரவில்லை. கீழே கடையில் அந்த வெண்கலப் பூச்சாடி, பாவம், யாரும் தொடாமல் கறுத்துப்போய் நின்றது. உட்கார்ந்து தேய்த்தேன். கை எரிய எரியத் தேய்த்தேன். கடைசியில் பார்த்தால் தங்கம் மாதிரி மின்னுகிறது. லண்டனுக்கு வந்து நான் உருப்படியாகச் செய்த வேலை இதுதான் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது.

மிஸ்டர் பெல்லமி வந்து அதை இரண்டு கையாலும் தூக்கினார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார். இவரைக் கூப்பிட்டு மெதுவாக, நெடுநேரம் கதைத்தார். சத்தம் போடவில்லை. இவர் தலையைக் குனிந்து "யெஸ் சேர்" என்றபடியே நின்றார். நான் ஈரக்கையோடு சிரித்துக்கொண்டு நின்றேன். அவர் போனதும் என்னவாம் என்று கேட்டேன்.

இவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா மினுக்கியிருக்கிறீராம். இனிமேல் கரைச்சல்பட வேண்டாமாம்."

வீட்டுக்கு வந்தவர்கள் கோப்பை கழுவ எழும்பினால் நாங்களும் அப்படித்தானே சொல்லுவோம், விடுங்கோ, கரைச்சல்படாதேங்கோ என்று. வெள்ளைக்காரனுக்கும் மரியாதை தெரிகிறதே என்று நினைத்தேன். அன்றைக்கு வடை சுட்டேன். இவரைத் தூங்கவிடாமல் கதைத்தேன்.

அடுத்த கிழமை மிஸ்டர் பெல்லமியும் இவரும் வானில் வெளியூர் ஏலத்துக்குப் போனார்கள். நான் ஒரு பக்கற் புளி வாங்கினேன். கொக்கு உருவத்தில் ஒரு தூபக்கால், கோயில் மணி, மெழுகுதிரித் தண்டுகள், ஒன்றையும் விடவில்லை. வரும்போதே கண்ணில் படட்டும் என்று கடை முகப்புக் கண்ணாடிக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்தேன்.

மிஸ்டர் பெல்லமி றோட்டில் நின்றே பார்த்துவிட்டார். உள்ளே வந்து இவரிடம் கடையையும் அறையையும் பூட்டுகிற திறப்புகளைக் கேட்டுக் கையை நீட்டினார்.

மனோர் பார்க் போகிற ரயிலில்தான் இவர் வாய் திறந்தார். அது ஊத்தை இல்லையாம். அதைச் செய்த ஜப்பான் ஆசாரி துருவின முள்ளங்கியைப் பூசி, மருந்துத் தண்ணீரில் காய்ச்சி, பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்த கறுப்பாம். பூச்சாடியின் வேலைப்பாடே அதுதானாம். இனி ஒரு சாமானைத் தொட்டால் இரண்டு பேரும் வெளியே என்றுதான் முதல்முறை மிஸ்டர் பெல்லமி சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் அறை இருந்திருக்குமே, இனி எத்தனை வருடம் அந்த ஹோலில் கிடப்பது, உங்கள் வாய்க்குள் என்ன கொழுக்கட்டையா என்று பெட்டிக்குள் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்கக் கத்தினேன். இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நித்திரையாக்கும் என்று நினைத்தேன்.

"நீர் அண்டைக்குச் சிரிச்சுக்கொண்டு நிண்டனீர்," என்றார் கண்ணைத் திறக்காமலே. "இஞ்ச வந்த பிறகு உம்மட சிரிப்பை நான் கண்டது அண்டைக்குத்தான். என்னெண்டு சொல்லுறது?"

திட்டுவதற்கு இன்னும் எவ்வளவோ வைத்திருந்தேன். மனோர் பார்க் வந்ததும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.