மண்டியிட்ட காதலன்

லெபெரெக்ட் டுங்கலுக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷமாக அந்தச் சின்ன ஜெர்மன் அரண்மனையின் நாடக அரங்கில் அவர்தான் இளங்காதலன். அங்கே எந்த வேஷத்துக்கென்று கையெழுத்துப் போட்டுச் சேர்கிறோமோ, அரண்மனையை ஆளும் கோமகன் மாற்றிச் சொல்லும்வரை அந்த வேஷம்தான். பல் போனாலும் சரி, தலை வழுக்கையானாலும் சரி. டுங்கலுக்கு இரண்டும் ஆகியிருந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் தந்தை வேஷக்காரர் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போய்விட்டார். தந்தை வேஷத்தை எனக்குத் தாருங்கள் என்று டுங்கல் கோமகனுக்கு மனு எழுதினார். மேடையில் தந்தைமார் நாற்காலியில் உட்கார்ந்து பேசலாம். அதைத் தவிர வேறு ஆசை எதுவும் அவருக்கு மிச்சமில்லை. வெள்ளிக்கிழமை நாடகத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகக் கோமகன் சொல்லியனுப்பினார்.

வெள்ளிக்கிழமை டுங்கலின் தொந்திக்குப் பட்டை இறுக்கிவிட்டபடி மனைவி கொர்னேலியா ஒரு யோசனை சொன்னாள்.

"கொஞ்சம் மட்டமா நடிச்சிருங்களேன். வயசாச்சுன்னு அவருக்கே புரிஞ்சிரும்."

"மட்டமா நடிக்க எனக்கு வராதுடி."

"அதெல்லாம் வருது. போன மாசம் பாத்தேனே."

சிரிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. ஆனால் யோசனை மனசில் தங்கிவிட்டது. மூன்றாம் அங்கத்தில் காதலியின் முன் மண்டியிட்டு வசனம் பேசி, துள்ளி எழுந்து அணைக்க வேண்டும். இன்றைக்குத் துள்ளாமல், நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்தால் போதும், கோமகன் கண்ணால் பார்த்துக்கொள்வார் என்று தீர்மானித்தார்.

மண்டியிட்டார், வசனத்தை முடித்தார். மெல்லக்கூட எழ முடியவில்லை. நாற்காலி கைக்கு எட்டவில்லை. காதலியாக நடித்த ஃபிரீடெரிக்கேவுக்குப் பத்தொன்பது வயது. என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தாள்.

"முட்டி பிடிச்சுக்கிச்சும்மா," என்று முணுமுணுத்தார்.

"மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க ஐயா. அதுக்குள்ள எப்படியாவது தூக்கிடறேன்."

அவர் மறுபடி சொன்னார். வலியில் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. கோமகன் தொடங்குவதற்கு முன்னால் வேறு யாரும் கைதட்டவோ சிரிக்கவோ கூடாது என்பது அங்கே வழக்கம். அதனால் அரங்கமே மூச்சுவிடாமல் இருந்தது. அவள் குனிந்து, கக்கத்தில் கைகொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவரைத் தூக்கி நிறுத்தினாள். மாடத்திலிருந்து கோமகன் கைதட்டினார். பிறகு கூரை இடிகிறாற்போல் ஊரே தட்டியது.

மறுநாள் காலை கடிதம் வந்தது. கொர்னேலியாதான் படித்தாள். காதலியின் காலடியை விட்டு எழ மனமில்லாமல் கண்ணீர் விட்டவரைக் கோமகன் இதற்குமுன் கண்டதில்லையாம். தந்தை வேஷத்துக்கு வெளியூரிலிருந்து முப்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் வருகிறாராம். டுங்கலுக்கு ஆயுள் முழுக்கக் காதலன் வேஷம். இனி அந்த வசனத்தை அவர் எப்போதும் மண்டியிட்டபடியே இரண்டு முறை சொல்ல வேண்டும் என்பதும் உத்தரவு.

"ரெண்டு முறையா?"

"ரெண்டுன்னுதான் போட்டிருக்கு."

டுங்கல் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கொர்னேலியா இந்த முறை கேலி பேசவில்லை. அவர் முட்டியைத் தன் மடியில் எடுத்து வைத்து, அடுத்த நாடகம் செவ்வாய்க்கிழமை என்று மட்டும் சொன்னாள்.