மத்தியானமே முடிந்துபோன வேலை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் கற்பனை செய்த கதை இல்லை. என் நாத்தனார் துணி மடித்துக்கொண்டே சொன்னது. அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் மனசுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன். முதல் வரி இப்படி:

"இயந்திரம் வந்தது. அவள் விரல்கள் அநாதையாயின. அந்த..."

(வேண்டாம். சொல்லிக் காட்டியதும் அவள் கையிலிருந்த தலையணை உறை என் மேல் வந்து விழுந்தது. "யாரு அண்ணி அநாதை? அதைக் கொண்டுவந்ததே நான்தானே!")

2

சரி, நடந்தபடியே சொல்கிறேன். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் செய்யும் கம்பெனியில் அவள் ஆர்டர் பிரிவில் இருக்கிறாள். கடைகளிலிருந்து மெயில் வரும், வலது கண்ணுக்கு இந்தப் பவர், இடது கண்ணுக்கு இந்தப் பவர் என்று. அதை ஸ்டாக் பார்க்கும் திரையில் தட்ட வேண்டும். அதே எண்ணை பில்லில் தட்ட வேண்டும். பிறகு பார்சல் சீட்டிலும் அதையே. பக்கத்து நாற்காலியில் இதே வேலையைச் செய்யும் அக்காவுக்குத் தட்டித் தட்டி மணிக்கட்டு போய்விட்டது. சாப்பாட்டு டப்பாவை நாத்தனார்தான் திறந்து கொடுப்பாள்.

(இங்கே அக்காவைக் கொஞ்சம் அழவைக்க என் கை பரபரத்தது. ஆனால் அந்த அக்கா ஆபீஸையே சிரிக்கவைக்கிறவள். பாவம் பார்க்க யாரையும் பக்கத்தில் விடமாட்டாள்.)

ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததைத் தானாகவே செய்யும் மென்பொருள் ஒன்று, ஆபீஸ் கம்ப்யூட்டரில் சீந்துவாரில்லாமல் கிடந்தது. நாத்தனார் வீடியோ பார்த்து அதைக் கற்றுக்கொண்டாள். மெயில் வந்தால் அதுவே எண்களை எடுத்து மூன்று இடத்திலும் நிரப்பும். சந்தேகமானதை மட்டும் நிறுத்திவைத்து இவர்களைக் கேட்கும். ஆரம்பத்தில் மைனஸ் குறியை விழுங்கிவிட்டது. கிட்டப்பார்வைக்காரர் ஒருவருக்குத் தூரப்பார்வைக் கண்ணாடி போக இருந்தது. அக்கா பிடித்தாள், இரண்டு பேருமாகச் சரிசெய்தார்கள்.

கொஞ்ச நாளில், சாயங்காலம் வரை இழுத்துக்கொண்டிருந்த வேலை மத்தியானமே முடிந்தது.

3

இந்த மாதிரிக் கதைகள் வழக்கமாக மூக்கைச் சிந்த ஆரம்பிப்பது இங்கேதான். மேலாளர் வந்தார். கெட்டவர் இல்லை. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறவர், அவ்வளவுதான்.

"நல்லா பண்ணியிருக்கம்மா. அப்போ இனிமே இங்க ஒருத்தர் போதும், இல்லையா?"

"யாரு சார் போதும்?"

"நீ இரு. அந்தம்மாவுக்குத்தான் கையும் முடியல. அந்த சீட் தேவையில்லன்னு ஒரு குறிப்பு அனுப்பறேன், ஓகே குடுத்துடு."

குறிப்பு திரையில் வந்து நின்றது. கீழே இரண்டு பட்டன்கள், ஒப்புதல் என்று ஒன்று, மறுப்பு என்று ஒன்று.

[இந்த மூன்றாம் பகுதிக்கு நான் யோசித்த மாற்று: அவள் ஒப்புதலை அழுத்துகிறாள். குற்ற உணர்ச்சி. வெளியே மழை. அக்கா குடையில்லாமல்...]

"அதை அழிங்க அண்ணி," என்றாள் நாத்தனார். அழிக்க மாட்டேன். எத்தனை சுலபமாக வந்து விழுகிறது பாருங்கள் அந்த மழை! எழுதுகிறவள் வெட்கப்படுவதற்காகவே அது இங்கே இருக்கட்டும்.

4

மறுப்பை அழுத்தினாள். காரணம் எழுதினால்தான் அந்தப் பெட்டி மூடும். எழுதினாள்:

"அக்கா இல்லாமலும் இந்த வேலை நடக்கும். நான் இல்லாமலும் நடக்கும். நீங்கள் இல்லாமலும் நடக்கும் சார், நாங்கள் அனுப்பும் பில்லுக்கு வந்த நிமிஷமே, திறந்துகூடப் பார்க்காமல்தானே ஓகே கொடுக்கிறீர்கள். வேலையைக் குறைத்தது நாங்கள். மிச்சமான நேரமும் எங்களுடையது. நாளையிலிருந்து வேலை முடிந்ததும் இரண்டு பேரும் கிளம்புகிறோம். சம்பளம் அதேதான்."

"பயமா இல்லையாடி?"

"இருந்துச்சு அண்ணி. அக்காகிட்ட படிச்சுக் காட்டி, அவங்க சரின்னதும்தான் அனுப்பினேன். அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

5

மறுநாள். கடைசி பார்சல் சீட்டு அச்சாகி வெளியே வந்தது. இருவரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். கீபோர்டுச் சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. மேலாளர் அறைக் கதவு திறந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"வீட்டுக்கு சார்," என்றாள் அக்கா. "வேலை முடிஞ்சுடுச்சு."

"சாயங்காலம் வரைக்கும் உட்காரணும்."

"உட்காந்து என்ன சார் பண்ணணும்?"

அவர் முதல்முறையாக அக்காவின் முகத்தைப் பார்த்தார். அதற்குள் அவர்கள் படியிறங்க ஆரம்பித்திருந்தார்கள்.

அப்புறம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். ஜெயித்தார்கள் என்று எழுதினால், கதையில் நடக்கும் என்பீர்கள். வேலை போயிற்று என்று எழுதினால், அப்படித்தான் ஆகும் என்று தலையாட்டுவீர்கள். நாளைக்கு உங்கள் ஆபீஸில் யாராவது எழுந்தால், அந்தத் தலையாட்டல்தான் அவர்கள் தோளைப் பிடித்து உட்காரவைக்கும். அதற்கு நான் கதை எழுதித் தரமாட்டேன்.

இப்போதைக்கு அவர்கள் கீழ்க்கதவைத் தள்ளிவிட்டார்கள். தெரு முழுக்க வெயில். வேலைநாளில் அவர்கள் பார்த்தே இராத வெயில். மேலே அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அங்கே ஒரு நாற்காலியில் நீங்களும் இருக்கிறீர்கள்.

உங்கள் வேலை முடிந்துவிட்டதா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.